தில்லையைக் காட்டியவன்

ஞாயிற்றுக்கிழமைகளில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நடப்பது உடம்புக்கு நல்லது, இன்ஸ்பெக்டர் ஐயா. சிராங்கூன் ரோட்டில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக் கிளார்க்குகள் ஐந்து பேர் அதற்காகவே ஒரு செடி ஆராய்ச்சிச் சங்கம் வைத்திருந்தோம். தலைவர் கந்தப்பு. தலைப்பாகை, கோட்டு, கையில் பூதக்கண்ணாடி, கக்கத்தில் இங்கிலாந்துச் செடிகளைப் பற்றிய தடித்த புத்தகம். எங்கள் சதுப்பில் முளைத்த பாவத்துக்கு ஒவ்வொரு பூண்டும் ஏதாவதொரு சீமைப் பெயரைச் சுமந்துகொண்டு நின்றது.

சில மாதங்களுக்கு முன்பு கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குப் போனோம். கந்தப்பு அதைப் பைன் காடு என்று அறிவித்து, பனிமலைக் காற்றைச் சுவாசிப்பதுபோல மூச்சை இழுத்துவிட்டார். வியர்வை கோட்டை நனைத்துக்கொண்டிருந்தது. சவுக்கு என்று நான் மெல்லச் சொன்னேன்.

“நீர் விறகு வாங்கிற கண்ணாலை பாக்கிறீர் காணும். படிச்ச கண்ணாலை பாரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு, காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு, ஆற்றங்கழிக்குத் தனியே போனேன். அங்கே ஒரு தில்லை மரம் நின்றது. சிதம்பரத்துக்கே பெயர் கொடுத்த மரம். தில்லை, தில்லை என்று கந்தப்பு காலையும் மாலையும் உருகிப் பாடுவார். மரத்தைக் கண்டது கிடையாது. ஒரு கிளையை ஒடித்தேன். பால் பட்ட மணிக்கட்டு கொப்புளம் போட்டது. கொஞ்சம் பாலைச் சீசாவில் பிடித்துவந்து எங்கள் வீட்டுப் பூனையின் கண்ணில் விட்டுப் பார்த்தேன். ஒரு கண்ணில் மட்டும்தான். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.

பூனை அந்தப் பக்கமாகச் சுவரில் முட்டத் தொடங்கியதும் சங்கத்தை அங்கே கூட்டிப்போனேன்.

“அண்ணை, இதுதான் தில்லை,” என்றேன்.

முதல் தடவையாக அவர் என்னை மறுக்கவில்லை. சீமைப் புத்தகம் சேற்றில் விழுந்தது. “என்ரை நடராசா,” என்று ஒரு கொத்தை ஒடித்து, கோயிலில் பூ வாங்கி ஒற்றிக்கொள்வதுபோல இரண்டு கண்ணிலும் அழுத்தி ஒற்றிக்கொண்டார். எந்தச் சைவனும் அதைத்தான் செய்வான். அது எனக்குத் தெரியாததல்ல. பால் கன்னத்தில் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அவர்களும் கொத்துக்குக் கை நீட்டினார்கள். தட்டிவிட்டேன். ஏன் தட்டிவிட்டாய் என்கிறீர்கள். மூன்று பேருடைய பார்வையைக் காப்பாற்றியவனிடம் கேட்கிற கேள்வியா இது? இருக்கட்டும். தெரிந்துதான் காட்டினேன்.

இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன ஞாயிறு கந்தப்புவைக் கைபிடித்துச் சவுக்குத் தோப்புக்கு அழைத்துப்போனேன். வேறு யார் அழைத்துப்போகிறார்கள்? ஓர் இணுக்கை உள்ளங்கையில் வைத்தேன். கணுக்கணுவாகக் கழற்றி, வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

“இது சவுக்கல்லோ காணும்,” என்றார்.

பார்த்தீர்களா, ஐயா? கண் இருந்த காலத்தில் அவருக்கு இது ஒருநாளும் தெரிந்ததில்லை.