எங்கள் பரம்பரைச் சுருட்டை

"ஹலோ... தலைமையாசிரியை அம்மையாரா? வணக்கம்! ஒரு மாணவியின் கூந்தல் என்பது, அம்மையாரே, இயற்கை அவளுக்குச் சூட்டிய மணிமுடி! அதன்மேல் கை வைத்த எந்த ஆட்சியும் நிலைத்ததாகச் சரித்திரமே... என்னது?... ஆயாவா?... சரி, பெரிய டீச்சரம்மாவைக் கூப்பிடு தாயி. பாண்டிபஜார் ஜவுளிக்கடை வைரவன் பேசுதேன்னு சொல்லு... ஆமா, முதலாளியேதான்.

ஏ முருகையா, இங்க என்ன வேடிக்கை? அந்தம்மாவுக்குச் சுங்குடிச் சேலையை எடுத்து விரிச்சுப் போடு.

ஹலோ... வணக்கம் டீச்சரம்மா. ஒன்பதாம் வகுப்பு சண்முகவடிவோட அப்பா... ஆமா, ஆமா... அந்த முடிதான். இன்னிக்கும் வாசலோட திருப்பி அனுப்பிட்டியளாமே... ஒழுங்கு எனக்கும் தெரியும்மா, நான் வியாபாரிகள் சங்கத் துணைத்தலைவர்... இல்ல, மிரட்டல... ஆமா... ஆமா, நடு வகிடு, ரெட்டைப் பின்னல், ரிப்பன், எல்லாம் சரி. அந்தப் பின்னல் நிக்கணும்லா? பிரேயர் முடியறதுக்குள்ள பிச்சுக்கிட்டு வருது. அதுக்கு அவ என்ன செய்வா?...

பார்லர்ல சுருட்டிக்கிட்டாளா? என் பிள்ளையா? அவ பனகல் பார்க்கைத் தாண்டித் தனியாப் போனதில்ல! பொறக்கும்போதே சுருட்டை... எண்ணெயா? அவங்கம்மா காலையில அரை பாட்டில் விளக்கெண்ணெயைக் கவுத்தா. யூனிபாரம், பஸ் சீட்டு, புஸ்தகம், எல்லாத்துலயும் எண்ணெய். முடி மட்டும் படியல...

ஸ்டைல் இல்லம்மா!... 'காக்காக்கூடு'ன்னு உங்க டிரில் டீச்சர் அத்தனை பிள்ளைங்க முன்னால சொன்னாங்களாமே, அதுவும் ஒழுங்குதானா?... சொல்லுங்க... கத்தல. நான் கத்தல... வந்து கேக்கா, 'அப்பா, வடபழனியில மொட்டை போட்டுக்கிட்டா பரீட்சை எழுத விடுவாங்களா'ன்னு. திங்கக்கிழமை அரையாண்டு. கணக்குல வகுப்புலயே அவதான் முதல்... ஆமா... அதான்மா... அதத்தான் நானும் சொல்லுதேன்...

அத்தாட்சியா? முடிக்கு என்ன அத்தாட்சி? பரம்பரை! எங்க வம்சமே... இல்ல, அவங்கம்மாவுக்குச் சுருளே இல்லாத கோரைமுடி. இது என் வழி... எங்கப்பா போட்டோல தலைப்பா கட்டியிருப்பாரு... தம்பி பினாங்குல இருக்கான்... நானா?

...ஆமா, பெற்றோர் கூட்டத்துக்கு வந்தேன்... மாலைகூட நீங்கதான் போட்டிய... ஆமா. படிஞ்சுதான் இருந்துச்சு... ஆமா, பக்கவாட்டு வகிடு... ஆமா. கோரைதான்...

ஒரு நிமிசம் டீச்சரம்மா. முருகையா, போய் டீ குடிச்சிட்டு வா... இப்பத்தான் குடிச்சியா? இன்னொண்ணு குடி!

ஹலோ... இல்ல, பொய் சொல்லல. பரம்பரைச் சுருட்டைதான்னு தெரிஞ்சா பிள்ளையை உள்ள விடுவியள்லா?... நிச்சயமா?... அப்ப கேளுங்க. என் முடியும் சுருட்டைதான். அது கொட்டி ரொம்ப வருசம் ஆச்சு. இப்ப இருக்கிறது டோப்பா... டோப்பாம்மா... லைன் இரையுது, சத்தமா எப்படிம்மா... டோப்பா!... விக்கு!... என் சொந்த முடி இல்ல!

...

...கேட்டுச்சா? கடையில எல்லாருக்கும் கேட்டுச்சு. சுங்குடி பாக்கவந்த அம்மாகூட திரும்பிப் பாக்காங்க...

சிரிங்க, பரவால்ல... கல்யாண போட்டோவா? இருக்கு. அதுல காடு மாதிரி சுருட்டை... முன்னாடியே ஏன் காட்டலியா? காட்டியிருந்தா, இப்ப தலையில இருக்கிறது என்னன்னு கேட்டிருப்பிய... சரி, நாளைக்குக் கொண்டாரேன்... திங்கக்கிழமை எழுதலாம்லா?... பின்னல் பிரிஞ்சாலும்?... அந்த டிரில் டீச்சர்?... சொல்லி வைங்கம்மா... சரி... சரி, ஆமா...

என்னது?... டோப்பாவை ஏன் கோரையா வாங்கினேன்னா...

சுருட்டையிலதான் கேட்டேன். என் தலை அளவுல இல்லன்னுட்டான்."