ராணியம்மாள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம்

காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது என்னிடம் யாரும் பேசக் கூடாது. அது ஒன்றுதான் என் கெட்ட பழக்கம். மற்றபடி தர்மபுரியில் நர்சரி நசீருதீன் என்றால் தங்கமான மனுஷன் என்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் வாங்கிப்போன கிறிஸ்துமஸ் மரம் நிமிராமல் தரையோடு படர்கிறது என்று சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். நியாயம்தான். அது பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்த கன்று. இரண்டு பக்கம் மட்டும் கை நீட்டிச் சாகும்வரை படுத்தே கிடக்கும். உச்சிக் குருத்தை வெட்டி வைத்தால்தான் நாலாபக்கமும் கை விரித்து நேராக நிற்கும். நேர்க்கன்று மட்டும் ஏன் இந்த விலை என்கிறீர்கள். சொல்கிறேன்.

எண்பத்தாறில் ஊருக்கே வளர்ந்த மரம் ஒன்றுதான், ராணியம்மாள் வீட்டில். புருஷன் ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்து நட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லாத அந்த அம்மாளுக்கு அதுதான் பிள்ளை. கிளை கேட்டால் தாராளமாகக் கொடுப்பார். "தலையில மட்டும் கை வெச்சிடாதீங்க பாய்" என்பார். எனக்கு வேண்டியதோ தலை.

அவர் கம்பைநல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போன பகலில் ஏறினேன். அடுக்கடுக்கான கிளைகள், ஏணியே வேண்டாம். ஒரு முழம்தான் வெட்டினேன். பேராசைப்படவில்லை.

திரும்பி வந்தவர் மொட்டை மரத்தைப் பார்த்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பழி அதே வீட்டில் இருந்த கொழுந்தன் பெரியண்ணன்மேல் விழுந்தது. அவன் தெருவுக்கே முதல் டிவி வாங்கிய ஆசாமி. ஆன்டெனாவை மரம் மறைக்கிறது, வெட்டினால்தான் படம் தெரியும் என்று தினமும் புலம்பியவன்.

"நான் தொடவே இல்லீங்க அண்ணி! ஆத்தா மேல சத்தியமா!"

"உங்கண்ணன் வெச்ச மரம்டா, பாவி. எறங்குடா வூட்ட வுட்டு!"

ஆறுதல் சொல்ல நானும் அங்கேதான் நின்றிருந்தேன். வாயையும் திறந்தேன், வெட்டுவாயில் சாணி பூசச் சொல்வதற்காக. கொஞ்ச நாளில் பக்கத்திலேயே புதுக் குருத்துகள் நிமிர்ந்து வந்தன. நோய் என்று சொல்லி அவற்றையும் வெட்டிவந்தேன். வருஷா வருஷம் அந்த மரத்துக்கு நோய் வரும். அதில் வளர்ந்த கன்று ஒன்றை ராணியம்மாளுக்கே பாதி விலைக்குத் தந்தேன். அழுதுகொண்டே கும்பிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

பெரியண்ணனா? அதோ, உங்களுக்கு நேர்க்கன்றாகப் பார்த்து எடுத்துவருகிறானே, அவன்தான். வேலை கொடுத்தேன், தங்க இடமும் கொடுத்தேன். "நீங்க ஒருத்தருதான் பாய் என்னைய நம்புனீங்க" என்று அடிக்கடி சொல்வான். வெட்டியது நான்தான் என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். கோபித்துக்கொண்டு போய்விட்டால், பாவம், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?