பட்டாணிக்குப் பத்தியம்

– கேரியர் மூடியத் தொறக்காதீங்க! இது பஸ் ஸ்டாண்டு. நாலு பேர் பாக்குறாங்க.

– கறி நல்லா வெந்திருக்குன்னு காட்டலாம்னு பாத்தேன் மாமா.

– மாமான்னு கூப்பிடாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?

– பின்ன எப்படிக் கூப்பிடுறது? உங்க பொண்ணக் கட்டி ரெண்டு வருஷம் ஆவுது.

– அது நீங்க ரெண்டு பேரும் எடுத்த முடிவு. உங்க பஸ்ஸுல ஏறுறவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?

– சார்னுதான்.

– அப்ப எனக்கும் சார்தான். நான் உங்கள கண்டக்டர்னு கூப்பிடுறேன். ரெண்டு பேருக்கும் மரியாதையா இருக்கும்.

– ரைட்டு சார். கடலூர்! கடலூர்! புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், கடலூர்! ஏறும்மா, உள்ள சீட்டு கெடக்கு. பட்டாணி எப்படி சார் இருக்கான்?

– படுத்தே கெடக்கான். மாட்டாஸ்பத்திரியில டியூப் போட்டு மூத்திரம் எடுத்ததுலேர்ந்து என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிறான். அதாவது, நான்தான் புடிச்சுக் குடுத்தேன்னு கோவம்.

– ப்ரியா ராத்திரி பூரா தூங்கல சார். "ரெண்டு வருஷம் கழிச்சு எங்கப்பா போன் பண்ணாரு, அப்பான்னேன், பூனைக்கு மூத்திரம் அடைச்சிக்கிச்சுன்னாரு"ன்னு சொல்லிச் சொல்லி ஒரு நேரம் அழுவுது, ஒரு நேரம் சிரிக்குது.

– அவ வளத்த பூனை. விட்டுட்டுப் போனவளுக்குத் தகவல் சொல்ல வேண்டியது என் கடமை. அவ்ளோதான்.

– எதனால வந்துச்சாம்? டாக்டரம்மா சொன்னாங்களா?

– மூத்திரப் பையில மணல் மணலா சேந்துடுச்சாம். ஆண் பூனைக்கு வழியும் சின்னதாம். தண்ணியே குடிக்காம அந்தக் காஞ்ச உருண்டையவே தின்னுக்கிட்டிருந்தான் பாருங்க, அதான். எதிர்வீட்டு சிவசுப்ரமணியன்தான் வாங்கச் சொன்னாரு. "பிஸ்கட்டு மாதிரிதான் சார், வீட்டுல நாத்தமே வராது"ன்னாரு.

– அது மட்டும் சைவமா சார்? பாக்கெட்டுலயே மீன் படம் போட்டிருக்குமே!

– அது மேல காலண்டர் பேப்பர ஒட்டி வச்சிருந்தேன்.

– சிரிக்கக் கூடாதுன்னுதான் பாக்குறேன், முடியல.

– சிரிங்க, சிரிங்க. இந்த வியாதிக்குன்னு தனித் தீனி இருக்காம், மெட்ராஸ்லதான் கெடைக்குமாம். விலையக் கேட்டேன். அத வாங்கணும்னா என் பென்ஷன பூனை பேருக்கே மாத்திட வேண்டியதுதான். இல்லன்னா வீட்டுச் சாப்பாடு. எலும்பு இல்லாம, உப்பு இல்லாம, வெங்காயம் கிங்காயம் எதுவும் இல்லாம, தண்ணி நெறைய விட்டு வேகவச்ச கறி. சிவசிவா! தேரோடுற வீதியில இருந்துக்கிட்டு நான் எங்க போயி அத வேகவைக்கிறது?

– அதுக்குத்தான சார் நாங்க இருக்கோம். கோழிக்கடைக்காரரு நம்ம தோஸ்து, கழிச்சுப் போடுற துண்டுக் கறிய சும்மாவே தர்றாரு. எங்கம்மா முதுநகர் மார்க்கெட்டுல வித்தது போவ மீன் மிஞ்சுனா அதுவும் எப்பவாச்சும். உங்களுக்குச் செலவே கெடையாது. நான் தெனம் இந்த ட்ரிப்புல கொண்டாந்து தந்துடுறேன்.

– சரி. மேல் அடுக்குல என்னா?

– அது உங்களுக்கு. ப்ரியா கத்திரிக்கா கொத்சு வச்சுது. தனி அடுப்பு, தனிச் சட்டி சார். எங்கம்மாவோட மீன் சட்டி அந்தப் பக்கமே போவாது.

– எடுத்துக்கிட்டுப் போங்க.

– சார்...

– பூனைக்கு வந்தது போதும். அந்த வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னு அவகிட்டயே சொல்லியிருக்கேன். சொன்னா சொன்னதுதான்.

– அது பாவம் சார், காலையில எழுந்து...

– கண்டக்டர், உங்க டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு.

– கலியமூர்த்தி அண்ணன் அப்படித்தான், நிம்மதியா ரெண்டு வார்த்தை பேச விட மாட்டாரு. ரைட்டு, கொத்சு எனக்கு ஆச்சு. போலாம், ரைட்!

*

– என்னா சார், கேரியர் இப்படி மின்னுது! கல்யாண சீர்வரிசைக்கு வாங்குன மாதிரி இருக்கு.

– புளி போட்டு வெளக்கி, சாம்பல் போட்டு வெளக்கி, வெந்நீர் ஊத்தி, கடைசியா கொஞ்சம் விபூதி.

– கேரியருக்கே விபூதியா! தேஞ்சு போயிடப் போவுது சார். நம்ம ஆளு ஒழுங்கா சாப்பிடுறானா?

– கறியச் சாப்பிடுறான். மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு, நீட்டுக் கரண்டியில எடுத்து வைப்பேன். நடுவுல ஒருநாள், இந்தப் பாவமெல்லாம் எதுக்குன்னு மீல் மேக்கர வேகவச்சு வச்சுப் பாத்தேன்.

– தின்னானா?

– மோந்து பாத்தான். அப்புறம் மண்ணத் தள்ளி மூடுற மாதிரி காலால ரெண்டு தடவ பறண்டிட்டுப் போயிட்டான்.

– ஐயோ! அத ப்ரியாகிட்ட சொல்லணுமே!

– சொல்லுங்க, சொல்லுங்க. ஆனா கண்டக்டர், எனக்கு இன்னைக்கு மனசே சரியில்ல. காலையிலேர்ந்து மூலையில போயிப் போயி உக்காந்து முக்குறான். ஒரு சொட்டு வருது, அப்புறம் அதுவும் இல்ல. என் மூஞ்சியப் பாத்துக் கத்துறான்.

– மறுபடியுமா? எப்படி சார்? இவ்ளோ தண்ணி உள்ள போவுதே!

– எந்தத் தண்ணி?

– கறி வெந்த தண்ணி. கேரியர்ல பாதிக்கு மேல அதுதான சார்.

– அதக் கொட்டிடுவேனே.

– என்னாது?

– கழுவுன தண்ணிதானே அது? நாத்தம் தாங்கல. பின்பக்கச் சந்துல கொண்டு போயி ஊத்திட்டு, கறிய மட்டும் நல்லா ரெண்டு தடவ அலசி, புழிஞ்சு...

– சார்! அதுதான் சார் மருந்து! அவன் தண்ணி குடிக்க மாட்டான்னுதான் ருசியோட தண்ணிய உள்ள தள்ளுறோம். கறி அவன ஏமாத்துறதுக்கு சார்! நீங்க மருந்தக் கொட்டிட்டு பாட்டிலக் குடுத்திருக்கீங்க!

– எனக்கு எப்படிங்க தெரியும்? ஆயுசுல நான் கறி வேகவச்சுப் பாத்தவனா?

– கேக்குறதுக்கு என்னா? தெனம் இங்க நிக்கிறோம், தெனம் பேசுறோம், ஒரு வார்த்த கேட்டா என்னா? உங்க ஆசாரத்துக்கு அந்த வாயில்லா ஜீவன் சாவணுமா?

– கத்தாதீங்க கண்டக்டர்.

– கத்துவேன் சார். மறுபடி அடைச்சா ஒரு நாள்கூட தாங்க மாட்டான்னு டாக்டரம்மா சொல்லல? அவுங்ககிட்ட காட்டுனீங்களா?

– போனேன். இன்னைக்கு லீவாம். நாளைக்கு வாங்கன்னுட்டாங்க.

– நாளைக்கா! ஆட்டோவப் புடிச்சு வீட்டுக்குப் போங்க. அவனக் கூடையில வச்சுத் தூக்கிட்டு வாங்க. இதே பஸ்ஸுல கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.

– அதுக்குள்ள பஸ் கெளம்பிடுமே. உங்களுக்கு டைம்...

– டைம் கெடக்கு சார்! பின்னாடி வண்டிக்காரன் சண்டைக்கு வருவான், நான் பேசிக்கிறேன். நீங்க வராம பஸ் நகராது. ஓடுங்க! அண்ணே, கலியமூர்த்தி அண்ணே, இஞ்சின ஆப் பண்ணு!

*

– டிக்கெட் குடுங்க.

– உங்களுக்கு எதுக்கு சார் டிக்கெட்டு?

– ஓசியில வந்து எனக்குப் பழக்கம் இல்ல. பூனைக்கும் போடுங்க.

– பூனைக்கெல்லாம் டிக்கெட் கெடையாது சார்.

– லக்கேஜுன்னு போடுங்க. இன்ஸ்பெக்டர் ஏறி, கூடையில என்னான்னு கேட்டா நான் கத்திரிக்கான்னா சொல்ல முடியும்? பொய் எனக்கு வராதுங்க. ஆபீஸ்ல ஒரு நாள் லேட்டானாகூட என் கையாலயே லேட்டுன்னு எழுதிட்டுத்தான் உக்காருவேன்.

– ரைட்டு. ஒரு கடலூர், ஒரு லக்கேஜ். கூடைய மடியில வச்சுக்கங்க, இந்த ரோட்டுல குலுங்கும். அக்கா, அது பூனைதான், கடிக்காது, நகந்து உக்காருங்க.

– கத்துறத நிறுத்திட்டான் கண்டக்டர்.

– மூச்சு இருக்கா?

– இருக்கு. என் வெரலப் புடிச்சிருக்கான். டேய் பட்டாணி, டேய்... இவனும் போயிட்டா அந்த வீட்டுல நான் யார்கிட்ட பேசுவேன்? சுவத்துக்கிட்டயா?

– போவ மாட்டான் சார். அண்ணன் எப்படி ஓட்டுறாரு பாருங்க, ஆலப்பாக்கத்துல ஆள் ஏத்தக்கூட நிறுத்தல. ப்ரியாவுக்கு போன் போட்டுட்டேன். பஸ் ஸ்டாண்டுல ஆட்டோவோட நிக்கும்.

– அவ வர்றாளா?

– அவ பூனைதான சார்.

– ஆமா. அவ பூனைதான்.

*

– கடலூர்! கடலூர்! என்னா சார், இன்னைக்கு மொகமே வேற மாதிரி இருக்கு. பட்டாணிக்கு ஒண்ணும் இல்லியே?

– அவனுக்கு என்னா கேடு? அந்தத் தண்ணிய ஒரு சொட்டு விடாம நக்கிட்டு, கிண்ணத்த உருட்டிக்கிட்டே வீடு பூரா சுத்துறான். காலையில மழையாட்டம் போனான். நல்லா, நின்னு நிதானமா. பெருமைக்குச் சொல்லல, என் செருப்பு மேலயே போனான்.

– செருப்பு மேலயா! ப்ரியா கேட்டா சந்தோஷத்துல குதிக்கும் சார். அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்க பக்கத்துலயே எவ்ளோ நேரம் நின்னுச்சு. நீங்க "கூடைய நேராப் புடி"ன்னு ஒரு வார்த்த சொன்னீங்க. அதையே இன்னும் சொல்லிக்கிட்டிருக்கு.

– சாச்சுப் புடிச்சிருந்தா. அதான் சொன்னேன்.

– ரைட்டு. அப்ப ஏன் சார் ஒரு மாதிரியா இருக்கீங்க?

– எங்க வீதியில தெரிஞ்சு போச்சு.

– யாரு சொன்னது?

– நானேதான் சொல்லியிருக்கேன், வாயத் தொறக்காம. அந்தத் தண்ணிய சந்துல ஊத்துனேன் பாருங்க. ஊத்துறத நிறுத்தியாச்சு. ஆனா ஊருல உள்ள பூனை, காக்கா எல்லாம் சாயங்காலம் ஆனா எங்க பின்வாசல்ல வந்து வரிசையா உக்காந்துக்கிட்டு, "இன்னைக்கு இல்லியா?"ன்னு பாக்குதுங்க. சிவசுப்ரமணியன் கண்ணுல பட்டுடுச்சு.

– உருண்ட வாங்கச் சொன்னாரே, அவரா?

– அவரேதான். கோயில்லேர்ந்து வர்றேன், தேரடியில நிறுத்திட்டாரு. தேவாரம் பாடுற எங்க கோஷ்டி மொத்தமும் நிக்குது. "தெனம் கடலூர் பஸ்ஸுலேர்ந்து கேரியர் வருதாமே, சபாநாயகம்?"னு கேட்டாரு.

– பூனைக்குன்னு சொல்லிட வேண்டியதுதான சார்?

– நான் சொல்றதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு. "பூனைக்குத்தான்னு எங்களுக்குத் தெரியாதா? வாயில்லா ஜீவன், குத்தம் கெடையாது. அந்த மீன்காரி வீட்டுச் சோத்த மனுஷனா திம்பான்?"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

– விடுங்க சார். எங்கம்மா மீன்தான் விக்குது. இந்த மாதிரி எவ்ளோ கேட்டிருக்கோம்.

– நீங்க விடுவீங்க. எனக்கு எப்படிங்க மனசு வரும்? சாவக் கெடந்த என் பூனைய எழுப்பி உக்கார வச்சது அந்த வீட்டு அடுப்பு. எனக்காக ஒருத்தர் டைம் விட்டுட்டு பஸ்ஸ நிறுத்தி வச்சிருந்தாரு. அதப் போயி ஒருத்தர் இளிச்சுக்கிட்டுப் பேசுறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

– என்னா சொன்னீங்க?

– "பூனைக்கு இல்ல, எனக்குத்தான் வருது. என் பொண்ணு சமைச்சு அனுப்புறா, நான் தெனம் சாப்பிடுறேன்"னு சொல்லிட்டேன்.

– ஐயையோ! சந்து பூரா கவிச்சி நாத்தம், நீங்க போயி இப்படிச் சொன்னா உங்களையே மீன் திங்கிறவருன்னு முடிவு பண்ணிடுவாங்களே!

– பண்ணட்டும்.

– கோஷ்டியிலேர்ந்து எடுத்துட்டாங்கன்னா?

– எடுக்கட்டும். சிவசுப்ரமணியன் பக்கத்துல நின்னு பாடிப் பாடி என் சுருதியே கெட்டுப் போச்சு. அதெல்லாம் எனக்குக் கவலை இல்ல. வேற ஒண்ணுதான் மனச அரிச்சுக்கிட்டே இருக்கு.

– என்னா சார்?

– நான் பொய் சொல்ல மாட்டேன்னு உங்களுக்கே தெரியும். தேரடியில நின்னுக்கிட்டு, கோபுரத்தப் பாத்த மாதிரி, தெனம் சாப்பிடுறேன்னு சொல்லிட்டேன். அது பொய்யாவுல்ல நிக்குது?

– அட, ஒரு கோவத்துல சொன்னதுதான. சாமி கோச்சுக்காது சார். அண்ணன் ஹாரன் அடிக்கிறாரு பாருங்க, நான் கெளம்புறேன். கேரியரக் குடுங்க.

– இந்தாங்க. நாளைக்கு ரெண்டு கேரியரா கொண்டாங்க, மாப்பிள்ள. ஒண்ணுல உப்பு போடச் சொல்லுங்க.