நடைபாதையில் காணாமல் போனவர்

— ஏணியை ஆடாமப் பிடிண்ணே, அது போதும்.

— ஆடாமப் பிடிக்க இந்தக் கைதான் கிடைச்சுதா உனக்கு? சரி, தோளைக் கொடுத்து முட்டு வச்சிருக்கேன். ஏறு.

— எவ்வளவு நேரம் இருக்கு?

— படத் திறப்புக்கு வந்த விருந்தாளிங்க சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாச்சு. பிரின்சிபாலும் கூடவே போயிட்டார். அரைமணி நேரம் தாங்கும். அதுக்குள்ள அந்த மனுஷனை நிக்க வச்சிடு, புண்ணியமாப் போகும்.

— அவரைப் போய் எப்படிண்ணே அழிச்சே?

— அழிக்கலைம்மா. சுத்தம் பண்ணினேன். பெருசா வரையச் சொல்லி கல்லூரியில கொடுத்த பன்னிரண்டு பழைய போட்டோவில, இந்தத் தெருப் படத்தோட அச்சுத்தாள்ல, கீழ் மூலையில எறும்பளவுக்குக் கறுப்பா ஒண்ணு இருந்துச்சு. நான் சிந்தின டீயாத்தான் இருக்கும்னு நினைச்சேன். என்மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

— டீக்கறை ஒரு காலைப் பெட்டிமேல தூக்கி வச்சுக்கிட்டு நிக்குமா?

— முழுப் படத்தைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். கட்டம் போட்டு, ஒரு கட்டமா எடுத்து, அதைப் பெருசாக்கி வரையுற நமக்கு முழுப் படம் எங்கே கண்ணுல படுது? அந்தக் கட்டத்துல நடைபாதையும் ஒரு கறையும்தான் தெரிஞ்சுது. கறையை விட்டுட்டு நடைபாதையைப் போட்டேன்.

— காலையில வண்டியில ஏத்தும்போது என்கிட்ட காட்டியிருக்கலாம்.

— துணி சுத்தி வச்சிருந்தேனே.

— அதைத்தான் சொல்றேன். திறக்குற வரைக்கும் நான் பார்க்கக் கூடாதுன்னுட்டே.

— உனக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கலாம்னு பார்த்தேன். கொடுத்துட்டேன், இல்ல? இந்தப் படம் வந்தப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மூஞ்சி கிடையாது, விரல் கிடையாது. வீடு, மரம், ரோடு. கோடு கொஞ்சம் நெளிஞ்சா, மரத்துல காத்தடிக்குதுன்னு சொல்லிக்கலாம். ஆளே இல்லாத தெருன்னு நம்பித்தான் எடுத்தேன்.

— ஆள் இருந்தார்.

— இப்போ தெரியுது. பிரின்சிபால் துணியை விலக்கி, குச்சியை நீட்டி, விளக்கம் சொல்ல ஆரம்பிச்சார். அந்தக் காலத்து கேமராவுக்கு ஒரு படம் பிடிக்கவே பல நிமிஷம் ஆகுமாம். வண்டி, குதிரை, நடந்து போன சனம், எதுவும் பதியலை. ஷூவுக்குப் பாலிஷ் போட அசையாம நின்ன ஒருத்தர்தான் தெரியுற மாதிரி பதிஞ்சார், அவர்தான் போட்டோவில சிக்கின முதல் மனுஷர்னு சொல்லி, ‘இதோ’ன்னு காட்டினார். குச்சி நுனியில வெறும் நடைபாதை. அதுல கொடுமை என்னன்னா, நடைபாதை ரொம்ப நல்லா வந்திருந்துச்சு.

— சிரிச்சாங்களா?

— சிரிச்சிருந்தா தேவலை. ஒரு அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் தேடினாங்க.

— அந்த வெளிர் சாம்பலை எடு. கலக்காதே, அப்படியே கொடு.

— இந்தா. அதுக்கு முன்னால, ஓடுற குதிரைப் படத்துக்குக் கைதட்டினாங்க. சொன்னேனா?

— சொல்லலை.

— தட்டினாங்க. குளம்பு நாலும் தரையை விட்டு எழும்பினதை எவ்வளவு துல்லியமா கொண்டு வந்திருக்கார்னு ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

— எந்தக் கையை?

— வலது கையைத்தான். குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். நிலாப் படத்துக்கும் வாங்கிக்கிட்டேன். வேற என்ன செய்யச் சொல்றே?

— நான் ஒண்ணும் சொல்லலையே.

— அதான் பயமா இருக்கு. ஏம்மா, அப்போ நீ குழாயடியிலதானே இருந்தே?

— நீதானே பிரஷ் கழுவ அனுப்பினே.

— தண்ணி ஓடுற சத்தத்துல இங்கே பேசுறது அவ்வளவாக் கேக்காது, இல்ல?

— தொப்பி வச்சாச்சு. பாலிஷ் போடுறவரும் பக்கத்துல குனிஞ்சிருப்பார், அவரையும் வச்சிடலாமா?

— வை, வை. ரெண்டு பேரையும் வை. நான் கேட்டதுக்குப் பதில்?

— என்ன கேட்டே?

— நீ இப்படிக் கேட்டா நானே சொல்லிடுவேன்னு உனக்குத் தெரியும். எல்லாரும் என்னையே பார்த்தாங்கம்மா. எனக்கு முன்னால என் வாய் முந்திக்கிச்சு. இந்த ஒரு படத்தை மட்டும் என் தங்கச்சி போட்டா, இப்போதான் கத்துக்கிறா, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன்.

— ம்.

— சொன்ன உடனே எல்லார் மூஞ்சியும் இளகிப் போச்சு. பாவம், கத்துக்கட்டும்னு ஒருத்தர் எனக்கே ஆறுதல் சொன்னார். நின்ன இடத்துல தரை பிளந்துடாதான்னு இருந்துச்சு. பிளக்கலை. நல்ல தரை போட்டிருக்காங்க இந்தக் கல்லூரியில.

— ம்.

— திட்டேன். பிரஷ்ஷை எடுத்து வீசு. இப்படி ‘ம்’னு சொல்லிக் கொல்லாதே. இந்தக் கை ஆட ஆரம்பிச்ச நாலு வருஷமா என் மானத்தைக் கட்டிக் காப்பாத்துறவ நீ. உன் மானத்தை அரை நிமிஷத்துல வித்துட்டு வந்து நிக்கிறேன். அவங்க வந்ததும் எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்லிடறேன். சத்தியமா.

— நீ சொல்ல மாட்டேண்ணே. டீ குடிச்சப்புறம்னுவே, போட்டோ எடுத்தப்புறம்னுவே.

— அப்போ நீ கேட்டிருக்கே. எல்லாத்தையும் கேட்டிருக்கே. சுத்தி வளைக்காம ஒரு பதில் சொல்லு. பிரின்சிபால் சாப்பிடப் போற வழியில குழாயடிப் பக்கம் திரும்பினார். உன்கிட்ட ஏதாவது பேசினாரா?

— இரு, இறங்கிடறேன். மேல நின்னுக்கிட்டு சொல்ற விஷயம் இல்லை.

— இறங்கிட்டே இல்ல? சொல்லு.

— பேசினார். ‘பன்னிரண்டுல நீங்க போட்டது இது ஒண்ணுதானாமே, கவலைப்படாதீங்க’ன்னு தன்மையாத்தான் சொன்னார்.

— நீ என்ன சொன்னே?

— ‘இல்லைங்க சார், மத்த பதினொண்ணும் நான் போட்டது. இது ஒண்ணுதான் அண்ணன் போட்டது’ன்னேன்.