நாலாவது தாள்

— இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி. பார்க்க இங்கிலீஷ் பி மாதிரிதான் இருக்கும். ஆனா ‘ர்’. நாக்கு நுனி அதிரணும்.

— ர்ர்... இதை ஏன் தம்பி இத்தனை நாளா தள்ளிப் போட்டீங்க? தினம் கேக்குறேன், நாளைக்கு நாளைக்குன்னீங்க.

— ரஷ்யன்ல வேற எழுத்தெல்லாம் முதல்ல வரட்டும்னுதான். அங்க மீன் ஃபேக்டரில வேலை பார்த்தப்ப டப்பா மேல ஒட்டுற சீட்டைப் படிச்சுப் படிச்சு, எனக்கே ஆறு மாசம் ஆச்சு. நீங்க பத்து நாள்ல பிடிச்சிட்டீங்க.

— வேற வழி? உங்க அண்ணன் ரஷ்யாவுலேருந்து போன் பேசி நாப்பத்தோரு நாளாச்சு.

— போதும் அண்ணி, எழுந்திருங்க. மெஷின்ல யூனிஃபார்ம் துணி பாதியில கிடக்கு.

— கிடக்கட்டும். வயித்துல குத்தினா வர்ற சத்தம்னு ஒரு எழுத்து சொன்னீங்களே, அது இப்ப எனக்குத் தானா வருது.

— அண்ணி, ஏன் இப்படிப் பேசுறீங்க? அங்க ஆஸ்பத்திரிலேருந்து வந்த செத்தவங்க லிஸ்ட்டைத்தான் பார்த்தாச்சே. மூணு பக்கத்துலயும் அண்ணன் பேரு இல்ல.

— அவருக்கு அங்க கிடங்குல மூட்டை தூக்குற வேலைன்னு யாரு சொன்னது?

— நான்தான். ஏஜெண்டு பேச்சை நம்பிச் சொன்னேன். போனதும் கையில துப்பாக்கியைக் குடுப்பானுங்கன்னு சத்தியமா தெரியாது அண்ணி.

— தெரியாதுன்னு எனக்குத் தெரியும். என்னிக்காவது உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?

— திட்டித் தொலைச்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்.

— லிஸ்ட்டு மொத்தம் எத்தனை பக்கம் தம்பி?

— மூணு.

— லிஸ்ட்டைப் பிரிண்ட் எடுத்த அன்னைக்கு ஒரு தாளை ஜெராக்ஸ் கடைக் கூடையில கசக்கிப் போட்டீங்களே, அது என்ன?

— அது... அதை யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. துணி வெட்டுறதுக்கு அளவுத்தாள் எங்கேருந்து எடுக்கிறேன்? அந்தக் கூடையிலேருந்துதானே. தினம் சாயங்காலம் அள்ளிட்டு வர்றேன், நீங்களே எத்தனை நாள் தூக்கிட்டு வந்து குடுத்திருக்கீங்க.

— அண்ணி...

— பதினேழாவது வரி. பொறந்த வருஷம் நம்பர்ல இருந்துச்சு, ஒத்துப்போச்சு. பேரு மட்டும் படிக்கத் தெரியல. அந்த வருஷத்துல வேற எவ்வளவோ பேரு பொறந்திருப்பாங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

— எப்ப? எப்ப எடுத்தீங்க அந்தத் தாளை?

— பதினோரு நாளாச்சு. மறுநாள் காலையிலதான் உங்ககிட்ட வந்து எழுத்து சொல்லிக்குடுங்கன்னு உக்காந்தேன். அவரு பேருல இந்த ‘ர்’ ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு தம்பி, இப்பத்தான் சொன்னீங்க.