இறந்தவர் பெயர் தாங்கிய கல் இருக்கைகள்

தலைமை ஏற்றிருக்கும் பிக்குணி அம்மையாரே! வலை வீசியே தோள் தளர்ந்த பெரியோர்களே! தாயைப் போற்றும் இத்திருநாளின் வழக்கப்படி, தாய் இருப்பவர் சிவப்பும் தாயை இழந்தவர் வெள்ளையுமாக நெஞ்சில் ரோஜா குத்தி வந்திருக்கும் அண்ணன் தம்பிகளே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே! கருணையே வடிவான குவான் அம் தாயை வணங்கி, உங்கள் அனைவரின் முன்னும் கைகுவிக்கிறேன்.

நம் படகுத்துறையில் நாம் போட்ட கல் இருக்கைகள் எத்தகையவை? சிமெண்டும் சல்லியும் குழைத்து, கண்ணாடிபோல் தேய்த்து, சாய்மானத்தில் இறந்தவர் பெயரைச் செதுக்கிச் சிவப்பு மை பூசி, அவருக்குப் புண்ணியம் சேரட்டும் என்று வைத்தோம். அந்தப் பெயரால்தானே ஒவ்வொன்றையும் அழைத்தோம்? "எங்க இருக்கே?" என்றால், "காங் ஐயாகிட்ட உட்கார்ந்திருக்கேன்" என்போம். மாண்டவர்கள் நம்மோடு துறையில் இருந்தார்கள்.

சென்ற மழைக்காலத்தில் காங் ஐயாவின் இருக்கைக்குப் பின்னால், நிழலுக்காகத் தரையில் குந்தியிருந்தாள் லாட்டரிச் சீட்டு விற்கும் சுவென். யாரோ வந்து அமர்ந்து சாய்ந்தார். இருக்கையின் கால் முறிந்தது. கல் மொத்தமும் அவள்மேல் கவிழ்ந்தது. இழுத்து எடுத்தபோது மூச்சில்லை.

மழையா கொன்றது? விதியா கொன்றது? உடைந்த காலை நான் தொட்டுப் பார்த்தேன். உள்ளே கம்பி இருந்த இடத்தில் கம்பி இல்லை; விரலில் ஒட்டும் செந்தூள்தான் இருந்தது. மெக்கோங் ஆற்று மணல் படகேறி வந்தால் கூலி கூடும் என்று, கரையில் கிடந்த கடல் மணலை அள்ளிக் குழைக்கச் சொன்னது யார்? நாம்! மணலில் உப்பு, காற்றில் உப்பு. உப்பு இரும்பைத் தின்றது, துரு பருத்தது, பருத்த துரு கல்லை உள்ளிருந்தே பிளந்தது.

நெத்திலியை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து மீன்சாறு இறக்கும் ஊரல்லவா இது? நம் தொட்டிகளில் ஓர் ஆணி உண்டா? மரப் பலகை, பிரம்பு வளையம்! கரண்டிகூட மரத்தில்தானே வைத்திருக்கிறோம்? நெத்திலிக்குக் காட்டிய அக்கறையை மனிதருக்குக் காட்டினோமா?

ஆகவே கேட்கிறேன். பழந்தொட்டிகளைப் பிரித்த பலகைகள் கொட்டகைதோறும் கிடக்கின்றன. ஆயுளெல்லாம் உப்பில் ஊறியும் உளுக்காத மரம். மரமுளை அடித்து, இரும்பே இல்லாமல், அவற்றில் இருக்கை செய்வோம்.

என்ன தம்பி? "உட்கார்ந்தா பின்னாடியெல்லாம் மீன் நாத்தம் அடிக்கும்க்கா" என்கிறாயா? அடிக்கட்டும்! இப்ப மட்டும் உன் சட்டையில மல்லிகையா மணக்குது?

சிரிப்பு போதும். மீதி இருக்கைகளை உடைக்க எல்லாரும் ஒப்பினீர்கள். தியெப் அக்கா ஒருவர்தான் மறுத்தார். அவர் மகன் லுவான் ஏறிய படகு திரும்பவில்லை. உடல் இல்லை, கல்லறை இல்லை. இவ்வுலகில் அவன் பெயர் எழுதிய இடம் அந்த இருக்கை ஒன்றே. அதன் காலிலும் விரிசல்! எவரும் அமர்ந்துவிடக் கூடாதென்று, கொட்டும் மழையில் குடையோடு அக்காவே காவல் நின்றார். நேற்று அழைக்கப் போனேன்.

"வாங்கக்கா, வீட்டுக்குப் போகலாம்."

"நீ போடி. நான் நகர்ந்தா யாராவது உட்கார்ந்துருவாங்க."

"உடைச்சிட்டா காவலே வேணாமேக்கா?"

"உடைச்சிட்டா லுவான் எங்கடி?"

அப்போது வலைக்காரர் இருவர் எங்களைக் கடந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: "அந்தப் பக்கம் போகாதடா. காங் ஐயா சுவெனைக் கொன்னாரு. அடுத்து லுவான்தான் யாரையாவது கொல்லப்போறான்."

அக்காவின் கையிலிருந்த குடை இறங்கியது. "கேட்டியாடி? எறும்பைக்கூட மிதிக்காத புள்ளடி அவன். அவனைக் கொலைகாரனாக்கிருவாங்களா?"

தாய்மார்களே! காங் ஐயாவா கொன்றார்? கொன்றது கடல் மணல்! கொன்றது துரு! கொன்றது மேற்பூச்சில் மயங்கி உள்ளே பாராத நம் கண்! புண்ணியத்துக்கு எழுதிய பெயரைப் பழிக்கு ஒப்படைத்தோமே, தகுமா? தாயை இழந்தவருக்கு வெள்ளை ரோஜா. பிள்ளையை இழந்தவளுக்கு என்ன நிறம் வைத்திருக்கிறோம்?

முதுகு சாய மரம் இருக்கட்டும். பெயர் வாழ, உப்புக்காற்று தீண்டாத இந்த விகாரையின் உட்சுவர் இருக்கட்டும். பௌர்ணமிதோறும் பெயர்களை உரக்க வாசிக்க அம்மையார் இசைந்திருக்கிறார். சுவெனின் பெயரும் அதில் சேரும். அக்கா ஒப்பினால் இன்றே தொடங்கலாம். ஒப்பாவிட்டால், காவலுக்கு நாளை நானும் ஒரு குடையோடு நிற்பேன்.

சற்றே அமைதி... தியெப் அக்கா எழுந்திருக்கிறார். வழி விடுங்கள். என்ன அக்கா? எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

"நானே உடைக்கிறேன். பேரு இருக்கிற கல்லு மட்டும் முழுசா இந்தச் சுவருக்கு வரணும். உங்க ஒருத்தருக்கும் மெல்ல அடிக்கத் தெரியாது."

கேட்டீர்களா? இதற்குமேல் என் பேச்சு எதற்கு? பொறுத்திருந்து கேட்ட நெஞ்சங்களுக்கு நன்றி. துறைக்கு வரப்போகும் கால்களுக்கு வணக்கம். சுத்தியலை அக்காவிடம் கொடுங்கள்.