பயப்படாத மாப்பிள்ளை

இப்போதெல்லாம் எதிரில் இருப்பவன் பேசி முடிக்கும் முன்பே ஜனங்கள் தலையை ஆட்டிவிடுகிறார்கள். கேட்டுத்தான் ஆட்டுகிறார்களா, பேச்சு சீக்கிரம் ஒழியட்டும் என்று ஆட்டுகிறார்களா, தெரிவதில்லை. நீங்களும் இப்போது அப்படித்தான் ஆட்டினீர்கள் சார். குற்றமாகச் சொல்லவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான். நான் படிக்காதவன். கவனிப்பது ஒன்றுதான் என் படிப்பு.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நானேதான் இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். என் தங்கை புருஷன் மேல் புகார் கொடுக்க வந்தேன். அவர் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அது வேறு விஷயம்.

நாங்கள் ஒரே கட்டடம். அவர்கள் மூன்றாம் மாடி, நான் அதற்கு மேல். மாப்பிள்ளை நெசவு மில்லில் வேலை பார்த்தவர். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது என்று ஒரு மெஷின் மாட்டியிருந்தார். போர் தொடங்கும் வரை நானும் அதைக் காது மெஷின் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் கண்ணைத் திறந்தவர் முடிவெட்டும் கடைக்காரர். தெருவில் அவருக்கு வானொலி என்று பெயர். கத்தரியை என் காதோரம் நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு உளவாளி இருக்கான் பெரியவரே. சாதா உளவாளி இல்ல. ரெண்டு பக்கமும் சம்பளம் வாங்குறவன்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பேப்பர்ல ஒரு வரி வந்துச்சா? வரல இல்ல? அப்புறம் என்ன.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன்.

“ரெண்டு பேரு சண்ட போட்டா ரெண்டு பேருக்கும் ஆமாம்பான்.”

வீட்டுக்குத் திரும்பியபோது மாப்பிள்ளை படிக்கட்டில் நின்றிருந்தார். நம் ஆட்கள் ஜெயிக்கிறார்கள் என்றேன். “ஆமா மச்சான்” என்றார். நான்கு படி ஏறி நின்று, தோற்கிறார்கள் என்றேன். அதற்கும் “ஆமா மச்சான்”. அதுவும் சிரித்துக்கொண்டே. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பெண் கொடுத்த வீடு சார் எங்களுடையது.

பிறகு மெஷினைக் கவனித்தேன். அவர் கையைக் காதருகே கொண்டுபோனால் அது கூ என்று கத்தும். யாரைக் கூப்பிடுகிறது? தங்கையிடமே கேட்டேன்.

“சரியா மாட்டலன்னா விசிலடிக்கும்ணே. காது டாக்டரே சொன்னாரு.”

“அந்த டாக்டர் எந்தப் பக்கம்?”

“போயி படுங்கண்ணே. நாலு நாளா தூக்கமில்லாம உங்களுக்குப் புத்தி கலங்கிருச்சு.”

பக்கத்தில் படுப்பவளுக்கே தெரியவில்லை என்றால் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று பாருங்கள்.

தகவல் போவதை நிறுத்த வேண்டும். குளிக்கப் போகும்போது மெஷினைக் கழற்றி ஜன்னல் மேல் வைப்பார். குப்பைக்கூடையில் கிடந்த தீர்ந்த பேட்டரிகளில் ஒன்றை எடுத்து உள்ளே போட்டேன். நல்லதை என் பையில் போட்டுக்கொண்டேன். டப்பாவில் வைத்திருந்த மற்றவற்றுக்கும் அதே வைத்தியம்தான். கடைகள் மூடிக் கிடந்ததால் புதிது கிடைக்காது. அதையும் யோசித்தேன். இதோ, உங்கள் மேஜை மேல் வைக்கிறேன். எல்லாம் நன்றாக வேலை செய்யும்.

“காது மொத்தமா அடைச்சுப்போச்சு மச்சான். ஊரே செத்த மாதிரி இருக்கு” என்றார் மாப்பிள்ளை. கண் கலங்கியிருந்தது. நடிப்பில் குறை சொல்ல முடியாது.

அதன் பிறகு சைரன் அடிக்கும்போதெல்லாம் தங்கைதான் அவரைக் கையைப் பிடித்து நிலவறைக்கு இழுத்து வந்தாள். அன்றைக்கு அவள் தண்ணீர் வரிசைக்குப் போக வேண்டியிருந்தது.

“அண்ணே, சைரன் அடிச்சா இவரத் தொட்டுக் கூட்டிட்டு எறங்கிடுங்க. இவருக்கு ஒண்ணுமே கேக்கல.”

“நீ போம்மா” என்றேன். கூட்டிப் போகிறேன் என்று சொல்லவில்லை. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

சைரன் அடித்தது. கட்டடமே தடதடவென்று படியிறங்கியது. அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளை கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தங்கையின் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்தார். ஏதோ பாட்டை முனகினார். சைரன் ஊரைக் கிழிக்கிறது, இந்த மனிதர் பாடுகிறார். பயமில்லாதவன் எவன்? குண்டு எங்கே விழும் என்று தெரிந்தவன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்படியென்றால் நானும் அங்கேயே இருக்காமல் ஏன் கீழே போனேன் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. நான் உளவாளி இல்லையே சார். எங்கே விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனேன். திறந்திருந்தால் யாராவது பார்த்து அவரை இழுத்து வந்து, அவராக இறங்குகிறாரா என்ற என் சோதனையைக் கெடுத்துவிடுவார்கள். கீழே ஒருவர், “உங்க மாப்பிள்ளை எங்க?” என்றார். “அவருக்கு வேலை இருக்கு” என்றேன். செருப்புத் தைப்பதும் வேலைதானே.

ஷெல் குண்டு மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக வந்தது. உங்களுக்கு அது ஆச்சரியமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் சம்பளம் வாங்குகிறவனை ஏதாவது ஒரு பக்கம் தீர்த்துக்கட்டத்தானே செய்யும். இல்லை, தன்னைத் தீர்த்துக்கட்டியதுபோல் அவரே காட்டிவிட்டு நழுவியிருக்கலாம்.

இன்று அடக்கம். பெட்டி மூடியே இருந்தது. திறந்து காட்டச் சொன்னேன். தங்கை எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, அவரத் தொட்டீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“தொடல” என்றேன். மறைக்க என்ன இருக்கிறது?

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தபடியே நின்றாள். அந்த நேரம் பார்த்துச் சைரன் அடித்தது. எல்லோரும் குழியை விட்டு ஓடினார்கள். அவளையும் யாரோ இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் மெதுவாகத்தான் நடந்தேன், முழங்கால் கேட்பதில்லை. இடுகாட்டு வாசல் வரை வந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

பெட்டி குழியோரம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அவ்வளவு சத்தத்திலும் ஓர் அசைவு இல்லை. அப்போதும் அவருக்குப் பயமில்லை சார்.

செத்துவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் தலையாட்டவில்லை. நடந்து வந்துவிட்டேன்.